மைனியும் நாத்தனாரும் அளந்த காற்று

தாராவியில் அன்று வேலை எதுவும் கிடைக்கவில்லை. மான்குர்த் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள், அண்ணியும் நாத்தனாரும். ஆளுக்கொரு காற்றுமானியை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தார்கள். உள்ளங்கை அளவுதான், உச்சியில் சின்ன விசிறி.

“மைனி, என்னுது இருவத்திரண்டு காட்டுது. உங்களது?”

“பதினெட்டு. ஒன்னுது கூட்டிச் சொல்லுது.”

“உங்களதுதான் எங்கண்ணன் மாதிரி சோம்பேறி.”

“அவரு சோம்பேறிதான். மிஷினை ஏன் சேத்துத் திட்டுத?”

“எப்படியும் காத்து பலமாத்தான் இருக்கு. சாயங்காலம் போட்டிக்குத் தடிச்ச பட்டமே எடுப்போம். தோத்தா நாளைக்குப் பொங்கல் வைக்கது நாமதான்.”

“ஜெயிச்சா நம்ம வீட்டு ஆம்பளைங்க வைக்கட்டும். பதினஞ்சு வருஷத்துல ஒரு பொங்கலாவது நான் உக்காந்து சாப்பிடணும்.”

சயான் சிக்னலில் பஸ் நின்றது.

“ஐயோ மைனி, பூஜ்யம்! காத்து செத்துப்போச்சு!”

“என்னுதும் பூஜ்யந்தான்.” மைனி கொஞ்சம் யோசித்தாள். “ஏட்டி, நாம இவ்வளவு நேரம் பஸ்ஸோட வேகத்தைல்லா அளந்துக்கிட்டு வாறோம்!”

கண்டக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார்.

செம்பூரில் இறங்கியதும் நிறுத்தத்திலேயே நின்று இருவரும் கையைத் தூக்கினார்கள்.

“ஒம்பது!”

“எனக்கும் ஒம்பது! தடிச்சது வேண்டாம் மைனி, மெல்லிசு பட்டம் எடுத்தா ஜெயிச்சிரலாம்.”

பஸ் கிளம்பியபோது மைனி போனில் கத்திக்கொண்டிருந்தாள்: “என்னங்க, வெல்லம் மேல் தட்டுல இருக்கு. அரிசி களையத் தெரியும்லா?”