நான் நகர்த்திய வரிகள்

என் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடி போடப் பிடிக்காது. நீங்களும் கவனித்திருப்பீர்கள் டாக்டர், பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிப்பாள். அதனால் ஸ்டுடியோவில் அவளுக்கு மட்டும் எழுத்தைப் பெரிதாக வைப்பேன். மற்றவர்களுக்குத் திரையில் ஏழு வரி. அக்காவுக்கு நான்கு.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். கேமராவுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். பேச வேண்டியதெல்லாம் அதில் எழுத்தாக வந்து, கீழிருந்து மேலே நகரும். பேசுகிறவர் அதைப் பார்த்து வாசிப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கோ அவர் தங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். அந்த எழுத்தை நகர்த்துகிறவள் நான். ஒரு சின்னக் குமிழ், அதன்மேல் என் கட்டைவிரல், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் அதைத்தான் செய்தேன்.

அக்கா காலை ஏழு மணி நேரலையை ஆரம்பித்த வருடமே என்னையும் அங்கே சேர்த்துவிட்டாள். அவள் மூச்சு எங்கே நிற்கும், எங்கே சிரிப்பாள், எந்தச் சொல்லில் தொண்டையைச் செருமுவாள் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அவள் நின்றால் வரி நிற்கும். அவள் நடந்தால் வரி நடக்கும். எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். என்னைக் கட்டைவிரல் என்பார்கள். "கட்டைவிரல் வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா?" என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு அறுபத்தாறு ஆனபோதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. விடிந்ததும் விடியாததுமாக ஒரு கிழவியின் முகத்திலா விழிக்க வேண்டும் என்று ஒருவர் கடிதம் எழுதினார். அவர் போய்விட்டால் டிவியையே தூக்கிப் போட்டுவிடுவேன் என்று இன்னொருவர் எழுதினார். ஒரு வாரப் பத்திரிகை, வயதான தொகுப்பாளர்கள் விலக வேண்டுமா, தொடர வேண்டுமா என்று ஓட்டே எடுத்தது. அக்கா அதை மேக்கப் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள்.

"நூத்துக்கு அம்பத்திரண்டு பேர் நான் இருக்கணுங்கறாங்கடி. என் கல்யாணத்துக்கே நம்ம வீட்டுல இவ்வளவு பேர் ஒத்துக்கல."

மேக்கப் போடுகிற பெண் சிரித்துச் சிரித்து பிரஷைக் கீழே போட்டுவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் காதில் ஹெட்போன் இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் இயக்குநர் கேமராக்காரரிடம் பேசுவது எனக்கும் கேட்கும். "மேடத்துக்குக் கிட்ட போகாதீங்க, தள்ளியே வைங்க" என்பார். "கழுத்து வேண்டாம், கழுத்து வேண்டாம்" என்பார். கெட்ட மனிதர் இல்லை, தன் வேலையைச் செய்தார். அக்காவைப் பற்றி அக்காவுக்குக் கேட்காததெல்லாம் எனக்குக் கேட்டது. என்றைக்காவது அவளைத் தள்ளிவிடுவார்கள், அதற்கு முன்பு அவளாகவே எழுந்து வந்தால் மரியாதை என்று நினைத்தேன். ஒரு தங்கை நினைக்கக் கூடாததா இது?

அவளிடம் நேராகவே சொல்லிப் பார்த்தேன்.

"போதும்க்கா. விட்டுடேன்."

"வாய் குழறட்டும், விட்டுடறேன். புத்தி தடுமாறட்டும், அன்னைக்கே விட்டுடறேன். கன்னம் தொங்கினதுக்கெல்லாம் விட முடியாதுடி."

எப்படிச் செய்தால் விடுவாள் என்பதை அவளே சொன்னாள். நானாக எதையும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை.

முதலில் ஒரே ஒரு வரிதான். சாலைப் பணிகள் பற்றிய செய்தி, அதில் தெருவின் பெயர் வரும் வரியை எடுத்துவிட்டேன். அக்கா சமாளித்துவிட்டாள். அவளுக்கு அந்தத் திறமை உண்டு, பள்ளம் வந்தாலும் தாண்டிவிடுவாள். விளம்பர இடைவேளையில் என்னைப் பார்த்து, "தெருப் பேரு எங்கடி போச்சு?" என்றாள். இருந்ததே அக்கா, நீதான் விட்டுவிட்டாய் என்றேன். எழுந்து வந்து என் திரையைப் பார்த்தாள். அதற்குள் வரியைத் திரும்பச் சேர்த்திருந்தேன். ஓ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அந்த ஓ எதற்காக என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கடைசி நான்கு வருடம் நினைவு இல்லை. நிகழ்ச்சி முடிந்து பத்து மணிக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்காவுக்குக் கூட்டம் இருக்கும், திறப்பு விழா இருக்கும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். டிவியில் வருகிற அக்காவை அம்மாவுக்குத் தெரியும், "என் பொண்ணு" என்பாள். அதே அக்கா அறைக்குள் வந்து நின்றால் யாரென்று கேட்பாள். என்னை இரண்டு விதத்திலும் தெரியாது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காதான் உடைந்து போனாள். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இப்படி வந்தா ஒளிக்காம என்கிட்ட சொல்லிடுடி. நீ ஒருத்திதான் என்கூடவே இருக்கே. உனக்குத்தான் முதல்ல தெரியும்" என்றாள். சரி என்றேன்.

பிறகு இரண்டு மாதம், வாரத்துக்கு ஒரு முறை. ஒரு வரியை இரண்டு தடவை வரச் செய்வேன், அவளும் இரண்டு தடவை வாசிப்பாள். வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் நன்றியைப் போடுவேன். முன்பெல்லாம் உடனே கண்டுபிடித்து, சிரித்து, திருத்திவிடுவாள். போகப்போகத் தன் மேலேயே அவளுக்கு நம்பிக்கை குறைந்தது. கண்ணாடியில் என்ன வருகிறதோ அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் இருப்பவள் கயிற்றைப் பிடிப்பதுபோல.

அந்தத் தாய் வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தொழிற்சாலைத் தீயில் மூத்த மகனை இழந்தவர் அவர். இளையவனோடு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். மூத்தவன் பெயர் இருந்த இடத்தில் நான் இளையவன் பெயரைப் போட்டேன். அக்கா மிகவும் கனிவான குரலில், உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் போன துக்கம் எப்படி இருக்கிறது என்று அந்தத் தாயிடம் கேட்டாள். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. சின்னவனை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள். நிகழ்ச்சி முடிந்ததும் நேராக என் திரைக்கு வந்தாள். சரியான பெயர்தான் இருந்தது. அதைச் சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டு மூன்று முறை வாசித்தாள்.

"நான் என்னடி சொன்னேன்?"

சொன்னேன்.

அவள் அங்கேயே, வயர்களுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வீட்டில் நான் அதிகம் ஒன்றும் செய்யவில்லை. அவள் மாடியில், நான் கீழே, ஒரு சாவி என்னிடமும் இருக்கும். அவள் குளிக்கும்போது அடுப்பைப் பற்றவைத்துவிட்டு இறங்கி வந்தேன். இரண்டு தடவைதான்.

பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். கேட்டதும் வந்தாள், குழந்தைபோல வந்தாள். மூளையைப் படம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்டபோது, "என்னால கேட்க முடியாது, நீ போய்க் கேட்டுட்டு வா" என்றாள். அந்த டாக்டர் மிகவும் நல்லவர். வயதுக்கு அபாரமான நினைவாற்றல், ஓய்வு எடுத்தால் போதும் என்றார். நான் வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் கைமேல் என் கையை வைத்தேன். அவ்வளவுதான். அவளே புரிந்துகொண்டாள். "நீ சொல்லாம விட்டுடுவியோனு பயந்தேன். நல்லவேளை" என்றாள்.

கடைசி நிகழ்ச்சியில் எழுத்தே வேண்டாம் என்றுவிட்டாள். ஏழு நிமிடம் கேமராவைப் பார்த்துப் பேசினாள். நிகழ்ச்சி தொடங்கிய முதல் வாரம் கடிதம் எழுதிய பெண்ணிலிருந்து, ரிட்டயர் ஆன லைட்மேன்கள் வரைக்கும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். "உங்களையெல்லாம் மறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு வந்தேன்" என்றாள். ஒரு சொல் பிசகவில்லை. ஹெட்போனில் இயக்குநர், "கிட்ட போங்க, இன்னும் கிட்ட போங்க" என்றார். நான் அழுதேன். கடைசியாக என் பெயரைச் சொன்னாள். அவள் வாயால் என் பெயர் டிவியில் வந்தது அது ஒரு தடவைதான்.

இந்த முதியோர் இல்லத்தை அவளாகத்தான் தேர்ந்தெடுத்தாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டதுபோல் இன்னொரு தரம் நீ கஷ்டப்பட வேண்டாம் என்றாள். நீங்கள் அப்போது இங்கே வேலைக்கு வரவில்லை. இருந்தவர்கள் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார்கள், வீடு காலி செய்ததில் தொலைந்துவிட்டது என்றேன். நினைவு போனவர்கள் இருக்கும் மாடி, வெளியே பூட்டிய கதவு. பதினான்கு மாதம் ஆகிறது. காலை ஏழு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பேப்பர் வாசிக்கிறாள். கேட்பவர்களில் ஒருவருக்கும் அடுத்த நிமிடம் எதுவும் நினைவிருக்காது, ஆனாலும் அவள் தினமும் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்காருவதாக நர்ஸ் சொன்னாள்.

பேத்தியை வர வேண்டாம் என்று தடுத்தவளும் அவள்தான். ஏழு வயது. முதல் மாதம் அக்காவின் மகன் அழைத்துக்கொண்டு வந்தான். அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. "பாட்டின்னா டிவில இருந்த பாட்டிதான் அவளுக்கு ஞாபகம் இருக்கணும். யாருனு நான் அவளையே கேட்கற நாள் வரும்டா, அது வேண்டாம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து மகனிடம் சொன்னாள். அந்தக் குழந்தை கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு படத்தைத் தள்ளிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. அக்கா படத்துக்குப் பின்னால் குழந்தையின் பெயரையும் வயதையும் எழுதி வைத்துக்கொண்டாள், மறந்துவிடக் கூடாதே என்று.

புதிய இயந்திரத்தைப் பற்றி ஸ்டுடியோவில் விசாரித்தீர்களாம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். பேசுகிறவர் குரலைக் கேட்டு எழுத்து தானாக நகரும், ஆள் தேவையில்லை. நான் அந்தத் தெரு வரியை எடுப்பதற்கு மூன்று வாரம் முன்பு மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, அதைச் சொன்னார். அக்காவோடு இன்னும் மூன்று வருடத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். "மேடம் இருப்பாங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்றார். என்னைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இயந்திரம் வரப்போவது அக்காவுக்கும் தெரிந்திருந்தது. அன்று காரில் போகும்போது, "உனக்கும் ஓய்வு வேணும்தானேடி" என்றாள். அக்கா போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று ஊரே ஓட்டுப் போட்டது. என்னைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. நான் செய்ததெல்லாம் அவள் மரியாதைக்காக.

மூன்று முறை சோதித்துப் பார்த்துவிட்டேன், உங்கள் அக்காவுக்கு எந்த நோயும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று நேற்று சொன்னீர்கள். ஆமாம், இல்லை. வரிகளை மாற்றினேன், அடுப்பைப் பற்றவைத்தேன், டாக்டர் சொன்னதைச் சொல்லாமல் விட்டேன். நல்லபடியாக இருந்தவளை நோயாளி என்று நம்பவைத்து இங்கே கொண்டுவந்து விட்டது நான். இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லப் போவதாகவும் சொன்னீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. இந்தத் தாளையும் காட்டுங்கள். ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே சேர்ந்த முதல் வாரமே அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: "ஒரு நாள் எல்லாம் சரியாயிட்ட மாதிரி இருக்கும்க்கா. உனக்கு ஒண்ணுமே இல்லனு யாரோ வந்து சொல்ற மாதிரி இருக்கும். நான் உனக்குக் கெடுதல் பண்ணிட்டேன்னுகூடச் சொல்வாங்க. அம்மாவுக்கும் அப்படித்தான் தோணுச்சு. அன்னைக்கு நோய் முத்திடுச்சுனு அர்த்தம். யாரையும் நம்பாதே, என்னைக் கூப்பிடு." அவள் அதைத் தலைமாட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். தினமும் படிக்கிறாள்.

ஆகவே நீங்கள் சொல்லி முடித்ததும் என்னைத்தான் கூப்பிடச் சொல்வாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.