வசூலுக்கு வந்தவர்

ஃப்ளோரன்ஸ்: ...அங்கியே நில்லு! வாசப்படி தாண்டாத. கோர்ட்ல தீர்ப்பு குட்த்துகீறாங்கோ, தெரியுமில்ல?

கோதண்டம்: நிக்கறேம்மா. நான் இன்னா உள்ளயா பூந்துட்டேன்?

ஃப்ளோரன்ஸ்: வசூல் பண்ண வர்றவன் கத்தக் கூடாது.

கோதண்டம்: கத்துனேனா?

ஃப்ளோரன்ஸ்: தெருவுல மானத்த வாங்கக் கூடாது. வூட்ல கீற பொம்பளைய மெரட்ட...

கோதண்டம்: கார்டு காட்டணும். அத்த வுட்டுட்டியே. இந்தா, பாரு.

ஃப்ளோரன்ஸ்: ...போட்டோல மீச பெருசா கீது.

கோதண்டம்: அப்போ நல்லா துன்னுகினு இருந்தேன். அருள்நாதன் எங்கம்மா?

ஃப்ளோரன்ஸ்: வேலைக்கு.

கோதண்டம்: இன்னா வேல? ஷேர் ஆட்டோவதான் கம்பெனி தூக்கிடுச்சே!

ஃப்ளோரன்ஸ்: நீதான தூக்குன! வண்டிய இழுத்துகினு போய்ட்டு, கடன மட்டும் வூட்லயே வுட்டுட்டீங்க. அதான் எங்கூட்டுக்காரு கடன கட்ட முடியாதுன்னு மஞ்சக் கடுதாசி குட்த்துட்டாரு. ஹைகோர்ட்ல ஐ.பி. போட்டாச்சு.

கோதண்டம்: போட்டாச்சா! வக்கீலு எவ்ளோ கேட்டாரு?

ஃப்ளோரன்ஸ்: அது உனுக்கு எதுக்கு?

கோதண்டம்: சும்மா... அத்த போட்டா வூட்டாண்ட ஆளு வரமாட்டாங்களா?

ஃப்ளோரன்ஸ்: நீ வந்துகீறியே!

கோதண்டம்: ஆமால்ல... கொஞ்சம் தண்ணி குடும்மா. நெழல்ல குந்திக்கட்டுமா?

ஃப்ளோரன்ஸ்: குந்தக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லல. இந்தா. போன் அடிக்குது பாரு.

கோதண்டம்: அடிக்கட்டும்.

ஃப்ளோரன்ஸ்: மறுபடியும் அடிக்குது. ஆபீசா?

கோதண்டம்: எம் பொண்டாட்டி. டோல்கேட்ல கீற எங்க வூட்டாண்ட ஒர்த்தன் காலைலேர்ந்து குந்திகினு கீறானாம். பொண்ணு கண்ணாலத்துக்கு லோன் வாங்குனேன்... வேற கம்பெனி. புச்சா ஆளு போட்டுகீறாங்கோ.

ஃப்ளோரன்ஸ்: அய்ய! அப்ப நீ வசூலுக்கு வர்ல... ஒளிஞ்சுக்க வந்துகீற!

கோதண்டம்: சிரிக்காதம்மா. இங்க குந்துனா டூட்டி கணக்கு. எவனும் தேடமாட்டான்.

ஃப்ளோரன்ஸ்: அந்தாளு கத்துனானா?

கோதண்டம்: இல்லியாம். பேசவே கூச்சப்படறானாம். கார்ட நீட்டிகினு, தலைய குனிஞ்சுகினு... "அவரு வர்ற வரைக்கும் ஓரமா இருக்கேம்மா"ன்றானாம். இவளுக்கே பாவமா பூட்ச்சாம்.

ஃப்ளோரன்ஸ்: ...டோல்கேட்டா சொன்ன?

கோதண்டம்: ஆமா. ஏன்?

ஃப்ளோரன்ஸ்: அண்ணே... போன எடுத்து, அந்தாளுக்கு ஒரு தட்டு சோறு போடச் சொல்லு. எங்கூட்டுக்காரு வசூல் வேலைல சேந்து ஒரு வாரந்தான் ஆவுது, இன்னிக்கு டோல்கேட்டுக்குதான் அனுப்பிகீறாங்கோ. காலைல ஒண்ணும் துன்னாமலே பூட்டாரு.