மணல் திட்டுக்குப் போக வேண்டிய படகு

கோல்ஃப் விளையாட்டில் பந்தை அடிப்பது எளிது. ஏற்பாடு செய்வதுதான் பாடு. நான் ஒரு நாளும் அந்த மட்டையைக் கையில் பிடித்ததில்லை, பரஞ்சோதி சார். ஆனால் கெடா மாநிலத்து லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எந்தத் துரைக்கு எந்தப் பை, யாருக்கு வெயில் ஆகாது, யார் தோற்றால் சிடுசிடுப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் தோட்ட ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி; லியோனார்ட் கிராணியின் ஏற்பாடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் இன்ஸ்பெக்டர், என்ன நடந்தது என்று கேட்டீர்கள். ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் மேனேஜர் டக்ளஸ் துரை இந்த வருடத்தோடு வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். அவருடைய ஊரில் கோல்ஃப் என்றால் கடலோரத்தில்தானாம். மணல் மேடு, ஒட்ட மேய்ந்த புல், முகத்தில் அடிக்கும் காற்று. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆடுவது ஆட்டமே இல்லை, போவதற்குள் ஒரு முறையாவது கடலை ஒட்டி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஆடிக்கொண்டே நடக்க வேண்டும் என்றார். ஆசையாகத்தான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா கெடாவுக்குத் தெற்கே கரையோரமாகவே தேடினேன். பெரும்பாலும் சேறும் அலையாத்திக் காடும்தான். கடைசியில் ஓர் இடம் அகப்பட்டது. தென்னை, மணல், சவரம் செய்தது போன்ற புல்; அது போய் ஓர் ஆறு கடலில் சேரும் வாயில் முடிகிறது. புல்லை அப்படி வைத்திருந்தவை அய்யாவுவின் ஆடுகள். அய்யாவு எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு, அதாவது சிவப்பு ஐசிக்காரர்களுக்கு, வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை. செக்ரோல் பதிவேட்டில் அவர் பெயரை அடித்தவன் நான்தான். அதன் பிறகு அவரும் மனைவி ராக்காயியும் இங்கே வந்து குடிசை போட்டு, ஆடு வளர்த்துப் பிழைத்தார்கள். என்னைக் கண்டதும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். மனிதருக்கு என்மேல் கோபமே இல்லை.

அமாவாசையை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்குக் கடல் வெகுதூரம் இறங்கும். மணல் இறுகி நடக்க வாகாக இருக்கும். துரையோடு வரும் நண்பர்களுக்கு அலோர் ஸ்டாரில் தங்க இடம், ஐஸ் பெட்டி, பை தூக்க நம் தோட்டத்து ஆட்கள், எல்லாம் ஆயிற்று. குழிகளுக்குப் பால்மாவு டின்களைப் புதைத்தேன். மிச்சம் ஆடுகள்தான். ஆட்டத்தின் நடுவே அவை குறுக்கே ஓடினால் அசிங்கம். ஆற்று வாய்க்கு அப்பால் ஒரு மணல் திட்டு உண்டு. தண்ணீர் வற்றியிருக்கும்போது நடந்தே போய்விடலாம். ஆடுகளை அங்கே ஓட்டிக்கொண்டு போய் இருக்கச் சொன்னேன்.

"பெரிய தண்ணி நாளாச்சே ஐயா. திட்டு முழுக்க முங்கிடும். எனக்கு நீச்சலும் தெரியாது" என்றார் அய்யாவு.

"யஹ்யாவோட மோட்டார் போட்டு வந்து எல்லாத்தையும் ஏத்திக்கும். போட்டு வர்ற வரைக்கும் அங்கேயே இரு."

"ஐயா சொன்னா சரிலா."

யஹ்யா கோலா கெடாவில் மீன் வியாபாரம் செய்பவர். படகு அவருடையது. எஞ்சின் சத்தம் துரைக்கு ஆகாது என்பதால் படகை ஆற்று வளைவுக்குள், காட்டு மறைவில் நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் கரையில் நான் நிற்பது தெரியும், திட்டு தெரியாது. "நான் துண்டை ஆட்டினாத்தான் எஞ்சினைத் தொடணும், பாய்" என்றேன். தலையாட்டினார்.

அன்றைக்கு வானம் வெளுத்து, காற்று மிதமாக இருந்தது. டக்ளஸ் துரை தன் ஆயுளிலேயே அப்படி ஆடியதில்லை. நண்பர்கள் பேச்சை விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தார்கள். தண்ணீர் திரும்பத் தொடங்கியபோது படகு கிளம்பியிருக்க வேண்டும், ஏற்பாடு அதுதான். ஆனால் துரை ஒவ்வொரு அடிக்கும் நின்று, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எஞ்சின் முடுக்கினால் எல்லாம் போயிற்று. துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

ராக்காயி மேட்டுக்கு இந்தப் பக்கம் தேநீருக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தும் திட்டு தெரியாது. என்னிடம் வந்தாள்.

"கிராணி ஐயா, தண்ணி ஏறுது. போட்டு போயிருச்சா?"

"போயிருச்சு."

நம்பி அடுப்புக்குத் திரும்பிப் போனாள்.

சற்று நேரத்தில் காற்றோடு ஆடுகள் கத்துவது கேட்டது. துரை தலையை நிமிர்த்தி, அது என்ன என்றார். கடல் பறவைகள் என்றேன். மறுபடி பந்தின் மேல் குனிந்தார். பிறகு ஆடு அல்லாத ஒரு குரலும் வந்தது. நான் இருமினேன். கொஞ்சம் பலமாகவே இருமினேன். அப்போது மனசு எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். ஒன்றும் இல்லை, சார். இப்போதும் ஒன்றும் இல்லை.

ராக்காயி மறுபடி வந்தாள். "இன்னும் ஆளைக் காணமே ஐயா."

"அத்தனை ஆட்டை ஏத்த நேரமாகும்லா. நீ போய் கோப்பையைக் கழுவு."

கழுவினாள். கடைசிப் பந்து டின்னுக்குள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. துரை என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. என் ஊரை எனக்குக் காட்டிவிட்டாய் லியோனார்ட் என்றார். அவர்கள் தேநீர் குடித்து, காரில் ஏறிப் போன பிறகு துண்டை ஆட்டினேன்.

யஹ்யா போய்ப் பார்த்தபோது திட்டு இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. இரண்டு ஆடுகள் நீந்திக் கரையேறியிருந்தன. அய்யாவு மறுநாள் காலை அலையாத்தி வேர்களுக்கு நடுவே கிடைத்தார். மணிக்கட்டில் கிடாயின் கயிற்றைச் சுற்றியிருந்தார். ராக்காயி என்னைத் திட்டவில்லை. "போயிருச்சுன்னு சொன்னீங்களே ஐயா" என்று மட்டும் சொன்னாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நீங்கள் நல்ல மனிதர், பரஞ்சோதி சார். "துரைமார் கூட்டத்துல வேலை அதிகம், துண்டைக் காட்ட மறந்துட்டீங்க, அப்படித்தானே?" என்று நீங்களே வழி காட்டுகிறீர்கள். தலையாட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்று தெரிகிறது. ஆனால் அது சரியில்லை. இத்தனை வருட வேலையில் நான் எதையும் மறந்தேன் என்று யாரும் சொன்னதில்லை. ராக்காயி கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவு இருந்தது. துண்டு அக்குளில் இருந்தது. தண்ணீர் எதுவரை வந்துவிட்டது என்பதும் தெரிந்தது. எல்லாம் தெரிந்துதான் கையைத் தூக்காமல் நின்றேன். அவர் சாவார் என்பதும் தெரியும். மற்றதை உங்கள் விருப்பம்போல் எழுதிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். துரை காதுக்கு எட்டினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?