கேட்டைத் தாண்டாத மாரிஸ் வண்டி

இல்லண்ணா, மெக்கானிக்கா இருந்தாலும் பானெட்டை இப்பத் தொறக்காதீங்க. அவரு வந்துடட்டும். அவரு இல்லாம வேற ஆளு ஸ்பேனரைத் தொட்டா, எவன் கை ரேகை இதுன்னு மோந்து பாப்பாரு. உக்காருங்க, மோரைக் குடிங்க. உப்பு கம்மியாத்தான் இருக்கும். உப்பளத்துக்காரன் வீடுன்னு பேரு, எனக்கு பிரஷரு.

போன்ல உங்ககிட்ட பேசுனாரே எங்க வீட்டுக்காரரு சக்கரபாணி, அவரு உப்புப் பாத்தியில இருக்காரு. காலையில அஞ்சுக்குப் போனா பத்துக்கு வருவாரு. கடிகாரம் தப்புனாலும் தப்பும், அவரு தப்ப மாட்டாரு. அது எனக்கு ரொம்ப சவுகரியம். எதுக்கு சவுகரியமா, சும்மா சொன்னேன்.

வண்டியா. அது ஒரு கூத்து. சுனாமி வந்துச்சில்ல, பாத்தியெல்லாம் கடல் சேறு ஏறி ஒரு சீசனே போச்சு. வேலை இல்லாத ஆம்பளை வீட்டுல உக்காந்தா என்ன ஆவும் சொல்லுங்க. என் சமையக்கட்டுல பூந்து, கடுகு டப்பாவை ஏன் இங்க வச்சிருக்கே, மொளகா டப்பாவை ஏன் அங்க வச்சிருக்கேன்னு ஆரம்பிச்சுட்டாரு. தாங்க முடியாம நானே சொன்னேன், எதனா ஒண்ணை வாங்கிக் கழட்டிப் பூட்டுங்கன்னு. பழைய மிக்ஸி கிக்ஸி வாங்குவாருன்னு பாத்தா, பாண்டியில ஒரு டாக்டரு வீட்டு மாமரத்தடியில கெடந்த மாரிஸ் மைனர் காரை டிராக்டர்ல கட்டி இழுத்துக்கினு வந்துட்டாரு. என்னை விட மூத்த வண்டி. பின்சீட்டுல கோழி அடை காத்திருக்குது, முட்டை ஓடு கூட இருந்துச்சு.

இஞ்சினை இறக்கி, பிஸ்டன் மாத்தி, வால்வு தேச்சு, பத்து மாசம். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வச்சு எடுத்தாரு பாருங்க, தெருவே கூடி நிக்குது. வண்டி வீட்டு கேட்டு வரைக்கும் போச்சு. அங்க ஒரு இருமல். நின்னுடுச்சு.

அன்னிக்குப் புடிச்சதுதான் இந்த கார்புரேட்டர் டியூனிங்கு. உங்களுக்குத் தெரியாததா, அடியில ஆறு பட்டை நட்டு ஒண்ணு இருக்குதே, மேல ஏத்துனா பெட்ரோல் கொறையும், கீழ இறக்குனா கூடும். அவரு அந்த நட்டுகிட்ட தலையை வுட்டுக்குவாரு, ஆக்சிலேட்டர் மிதிக்க நான். லேசா மிதி. வுடு. மிதின்னா அம்மிக்கல்லையா மிதிக்கிறே. சத்தத்தைக் கேளுடி, சத்தத்தைக் கேளு. கண்ணாலம் ஆயி இருவத்தஞ்சு வருஷம், சொல்றதைக் கேளுன்னுதான் சொல்லியிருக்காரு. மொத தடவையா சத்தத்தைக் கேளுன்னாரா, நான் நெசமாவே கேட்டுட்டேன். கார்புரேட்டர் உள்ள இருக்கிற பிஸ்டனை விரலால ஒரு மயிரிழை தூக்கணும். சத்தம் ஏறி அப்பிடியே நின்னா பெட்ரோல் ஜாஸ்தி. பொசுக்குன்னு அணைஞ்சா கம்மி. துளி ஏறி பழையபடி அமுந்துச்சின்னா சரி. மூணே நாள்ல எனக்குப் புடிபட்டுடுச்சு.

அவருக்கும் புடிபட்டுச்சு, இல்லன்னு சொல்லக்கூடாது. ஒரு வாரம் வண்டி நல்லா ஓடுச்சு. அப்புறம் பெட்ரோல் கொறைய ஆரம்பிச்சுது. டேங்குல குச்சி வுட்டு அளந்து பென்சில்ல கோடு போடுவாரு. மறுநாளு பாத்தா ரெண்டு வெரக்கடை கீழ. ஒழுவுதோன்னு வண்டிக்கு அடியில பேப்பர் விரிச்சாரு. பூனை வந்து படுத்துக்கிச்சு, ஒரு சொட்டு வுழல. கார்புரேட்டர் உள்ள ப்ளோட்டை மாத்துனாரு, நீடிலை மாத்துனாரு. எவனோ உறிஞ்சறான்னு டேங்கு மூடிக்குப் பூட்டு கூட போட்டாரு. கொறையறது கொறையுது. கடைசியில, கார்புரேட்டர்தான் குடிக்குதுன்னு நட்டை ரெண்டு பட்டை ஏத்தி வுட்டுட்டாரு. பட்டினி போட்டா வண்டி ஓடுமா. பழையபடி கேட்டுல போயி நின்னுக்கிச்சு. ஊருல கேட்டு வண்டின்னே பேரு.

ரெண்டு வாரம் முந்தி பக்கத்துப் பாத்தி கலியன் வந்தான். அண்ணே, உங்க வண்டியை கழுவெளி ஏரிப் பக்கம் பாத்தேன், நல்லா போவுது அண்ணேன்னான். இவரு சிரிச்ச சிரிப்பு இருக்குதே. கேட்டைத் தாண்டாத வண்டி கழுவெளிக்கு எப்பிடிடா போவும், காலங்காத்தாலயே ஊத்திக்கினியான்னு கேட்டாரு. பாவம், அவன் சரக்கைத் தொடாதவன். இப்ப அவன் டீக்கடைக்குப் போனா நாலு பேரு கிட்ட வந்து மோந்து பாக்குறாங்க.

ஏண்ணா என்னையே பாக்குறீங்க.

சரி, நீங்க பானெட்டைத் தொறந்தா எப்பிடியும் தெரியத்தான் போவுது. நான்தான். எங்கப்பா ஊரு இரும்பை, பதினாறு வயசுல டிராக்டர் ஓட்டுனவ நான். அவரு பாத்தியில இறங்குன நேரம் பாத்து நட்டை ரெண்டு பட்டை இறக்குவேன், பூ மாதிரி கெளம்பும். எட்டரைக்கெல்லாம் திரும்பி, ரெண்டு பட்டை ஏத்தி, பானெட்டு மேல ஈரத்துணி போட்டு சூட்டை ஆத்திடுவேன். கிலோமீட்டர் முள்ளு டாக்டர் காலத்துலயே செத்துப்போச்சு, அது என் அதிர்ஷ்டம்.

எங்கயா. கூனிமேடு. எங்க பொண்ணு கலைமதி அங்க இருக்குது. அமிர்தராஜ்னு வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போறவங்க, ஐஸ் பேக்டரியில வேலை, தங்கமான புள்ள. போன வருஷம் ரிஜிஸ்டர் பண்ணிக்கிச்சுங்க. அந்த வீட்டு வாசப்படியை இங்கேர்ந்து யாரும் மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன். ஒன்றரை மாசம் முந்தி கொழந்தை பொறந்துச்சு. மாப்பிள்ளைக்கு அம்மா கெடையாது. பச்ச ஒடம்புக்காரி, புள்ளையைக் காலுல போட்டுத் தண்ணி ஊத்தக் கூடத் தெரியல அதுக்கு, நான்தான் போயி ஊத்திட்டு வர்றேன். பஸ்ஸுல போலாம்னா கண்டக்டரு இவரோட அக்கா மகன். நான் எறங்கறதுக்கு முன்னாடி சேதி வீடு வந்துடும். ஓடாத வண்டியில போனா யாரு கேப்பாங்க. கலியன் பாடு பாத்தீங்கல்ல.

அதான்ணா உங்ககிட்ட கேக்குறேன். கார்புரேட்டர்ல ஒரு கோளாறும் இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பழைய வண்டி, குடிக்கத்தான் செய்யும்னு ஒரு வார்த்தை. புள்ளைக்குத் தலை நிக்கிற வரைக்கும் ஓட்டிட்டேன்னா போதும்.

என்னண்ணா சிரிக்கிறீங்க.

பெட்ரோலைப் பத்தி அவரு பேசவே இல்லையா. பின்ன போன்ல என்னதான் சொன்னாரு.

வீட்டுல ஓட்டுறாங்கன்னு சொன்னாரா. என்னையா. திரும்பச் சொல்லுங்க. கூனிமேடு போயி வர்ற வழியில எங்கயும் நின்னுடக் கூடாதுன்னாரா. ம். கைக்கொழந்தையைத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்கும், பிரேக்கையும் ஒருவாட்டி பாத்துடுங்கன்னாரா.

கூனிமேடுன்னு வாயைத் தொறந்து சொன்னாரா. ஒரு வருஷமாவுதுண்ணா, அந்தப் பேரு இந்த வீட்டுல பொழங்கி. கொழந்தை பொறந்ததை நான் சொல்லவே இல்லையே.

இருங்க. கலியன் வந்துட்டுப் போன மறுநாளுலேர்ந்து டேங்கு சாயங்காலத்துல ரொம்பியே இருக்குது, அவருதான் ஊத்தி வைக்கிறாரு போல. நான் பாட்டுக்கு, எனக்கு ஓட்டுறது கை வந்துடுச்சு, மைலேஜு கூடிப்போச்சுன்னு நெனச்சுக்கினு கெடக்குறேன்.

அதோ சைக்கிள்ல வர்றாரு. நான் சொன்னதை நீங்க காட்டிக்காதீங்க. நீங்க சொன்னதை நானும் காட்டிக்க மாட்டேன். பேசிக்கினு இருங்கண்ணா, நான் உள்ள போயி மூஞ்சியைக் கழுவிக்கினு வர்றேன்.