முகம் திருப்பாத ஒரு படம்

தையலக்கா: இந்த பேண்டையா மடிக்கணும்? அளவு சரியாத்தானே இருக்கு தம்பி.

போட்டோக்காரர்: இல்லக்கா... தரையில இழுக்கற மாதிரி ஒரு...

தையலக்கா: போன மாசம் நான்தானே மடிச்சுக் கொடுத்தேன். அதுக்குள்ள குள்ளமாயிட்டீங்களா?

போட்டோக்காரர்: ஒரு அரை இன்ச் போதும்க்கா. இங்க உட்காரலாமா?

தையலக்கா: ஸ்டூல்ல ஊசி கிடக்கும், பார்த்து. ஸ்டூடியோவை யாரு பார்த்துக்கறா?

போட்டோக்காரர்: பூட்டிட்டு வந்தேன்.

தையலக்கா: அரை இன்ச்சுக்கா?

போட்டோக்காரர்: அதில்லக்கா... நம்ம தெருவை வெச்சு ஒண்ணு பண்ணியிருக்கேன். நெட்ல போட்டிருக்கு, யார் வேணா பார்க்கலாம். உங்களுக்கும் காட்டலாம்னு... இதோ போன்ல. விரலை வெச்சுத் தள்ளுங்க.

தையலக்கா: இது நம்ம தெருமுனை இல்ல?

போட்டோக்காரர்: தள்ளிட்டே போங்க. நடந்து போற மாதிரியே இருக்கும்.

தையலக்கா: அட, பூட்டு ரிப்பேர்க்காரர் கொட்டாவி விடறாரு! வீடியோவா?

போட்டோக்காரர்: எல்லாம் தனித்தனி போட்டோக்கா. ரெண்டாயிரத்துச் சொச்சம். பாதி நான் எடுத்தது, மீதி தெருக்காரங்க அவங்கவங்க போன்ல எடுத்துக் கொடுத்தது. கம்ப்யூட்டரே ஓரத்தோட ஓரம் சேர்த்து ஒட்டிடும். உங்க ஒட்டுத்துணி வேலை மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆனா தையல் தெரியாது.

தையலக்கா: தையல் தெரியாம தைக்கறதுதான் கஷ்டம். நல்லா வந்திருக்கு.

போட்டோக்காரர்: பேப்பர் கடைப் பெரியவருக்கு இடுப்பு ஒடிஞ்சுதில்ல? படுத்த இடத்துலேருந்து தினம் இதுலதான் வாக்கிங். ஷட்டர் துரு பிடிச்சிருக்குன்னு நேத்து மகனுக்குச் செம திட்டு.

தையலக்கா: அந்த மனுஷனுக்கு இடுப்பு ஒடியும், வாய் ஒடியாது.

போட்டோக்காரர்: அப்படியே மேல போங்க... ரெண்டு விரலால பெரிசு பண்ணுங்க.

தையலக்கா: மேல என்ன இருக்கு, வெறும் ஒயர்.

போட்டோக்காரர்: உங்க ஜன்னல் இருக்குக்கா. எவ்வளவு பெரிசு பண்ணாலும் கலங்காது. அதுதான் இதுல விசேஷம். விசேஷம்னுதான் நினைச்சேன்...

தையலக்கா: நூல் அறுந்துடுச்சு. இருங்க, கோத்துக்கறேன்.

போட்டோக்காரர்: நான் கோக்கட்டுமா?

தையலக்கா: வேண்டாம். ஊசிக் கண்ணுதான் சின்னது, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு.

போட்டோக்காரர்: அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது.

தையலக்கா: கேளுங்க. நினைக்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

போட்டோக்காரர்: இந்த ஜன்னல் மட்டும் முப்பத்தஞ்சு படத்துல இருந்துச்சு. வேற வேற ஆளு, வேற வேற நாள் எடுத்தது. முப்பத்திநாலுல நீங்க முகத்தைத் திருப்பியிருக்கீங்க.

தையலக்கா: எனக்கு வேலை இருக்காதா? தெருவுல யாரு போட்டோ எடுக்கறான்னு பார்த்துட்டா உட்கார்ந்திருப்பேன்?

போட்டோக்காரர்: பார்க்காம முப்பத்திநாலு தடவை திரும்ப முடியாதுக்கா. மீதி ஒரே ஒரு படம். சிரிச்சுட்டு இருந்தீங்க. பக்கத்துல உங்க பொண்ணு ஏதோ சொல்லியிருக்கா போல. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? இருக்கறதுலயே தெளிவா இருக்குன்னு அதைத்தான் எடுத்து ஒட்டியிருக்கு. பொண்ணு சட்டையில ஸ்கூல் பேட்ஜ்... ஸ்கூல் பேர் அப்படியே படிக்க முடியுது.

தையலக்கா: இதெல்லாம் ஒட்டச் சொல்லி உங்களை யாரு கேட்டா?

போட்டோக்காரர்: யாரும் கேட்கல. நானும் யாரையும் கேட்கல. அதான் தப்பாப் போச்சு. தனித்தனியா பார்த்தா ஒண்ணுமில்லாத படம்க்கா. சேர்த்ததும் தெரு, மாடி, முகம், ஸ்கூல்னு எல்லாமே வந்து நிக்குது.

தையலக்கா: சரி, எடுத்துடுங்க. அன்னிக்குத் தலைகூட வாரல. பார்க்கவே கண்றாவியா இருக்கு.

போட்டோக்காரர்: நேத்து காலையிலயே எடுத்துட்டேன். ஜன்னல் சாத்தியிருந்தப்போ புதுசா ஒரு படம் எடுத்து அங்க ஒட்டியாச்சு. இது என் போன்ல இருக்கற பழசு. இதையும் உங்க முன்னாடியே... இந்தாங்க, அழிச்சாச்சு.

தையலக்கா: எல்லாம் முடிச்சுட்டு, அப்புறம் எதுக்கு இந்த அரை இன்ச் நாடகம்?

போட்டோக்காரர்: ...எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இந்தப் படத்துக்குள்ள யாரு எந்த இடத்துல நின்னு பார்க்கறாங்கன்னு எனக்குக் கணக்கு வரும்க்கா. பேரு வராது. ஒரே போனா, வேற வேற போனான்னு மட்டும் தெரியும். உங்க ஜன்னல் கிட்ட ஒரு போன் வந்திருக்கு.

தையலக்கா: ஒண்ணுதானா?

போட்டோக்காரர்: ஒண்ணே ஒண்ணு. ஆனா நாலு நாளா, தினமும். ஜன்னலை மட்டும் பெரிசு பண்ணிட்டு அரை மணி, முக்கால் மணி... வேற எங்கயும் நகரல. அதைப் பார்த்ததுலேருந்து எனக்குச் சாப்பாடே இறங்கல. போலீசுக்குப் போகலாமா, உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்களான்னு...

தையலக்கா: வேற எந்த போனும் கிட்ட வரல? நல்லாப் பார்த்தீங்களா?

போட்டோக்காரர்: சத்தியமா வரலக்கா. ஏன் இதையே கேட்கறீங்க? உங்களைத் தேடறவங்க யாராவது...

தையலக்கா: இருக்காங்க. அது யாருன்னு மட்டும் கேட்காதீங்க... அந்த போன் என்னோடதுதான் தம்பி. எவ்வளவு தூரம் தெரியுதுன்னு நாலு நாளா நான்தான் பார்த்துப் பார்த்துச் செத்துட்டு இருந்தேன். நேத்து பார்த்தா ஜன்னல் சாத்தியிருக்கு. சாத்தினது யாரு, எதுக்குன்னு புரியாம, இன்னிக்குச் சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட்டே எடுத்துட்டேன். மூணு வருஷத்துல மூணு ஸ்கூல் மாறிட்டா என் பொண்ணு... வேற யாரும் பார்க்கலைன்னா சரி. அவ ஸ்கூல் விட்டு வரட்டும், இந்தத் தடவை எங்கயும் போகலைன்னு சொல்லிடறேன்.