தக்காளி அழுகிய ஊரில் ஒரு விரல் தண்ணீர்

அவையைத் தலைமையேற்று நடத்தும் பெருந்தகை, மக்காவுக்கு இருமுறை போய்வந்த மாண்பாளர், முப்பத்தெட்டு ஆண்டுகளாக நான் மன்னிக்காத ஹாஜி பூஜெமா அவர்களே! தலைநகரிலிருந்து தார்ச்சாலை தேயத் தேய எங்களைத் தேடி வந்திருக்கும் பொறியாளர் தம்பி அவர்களே! தண்ணீரை அளந்து அளந்தே தாடி நரைத்த நம் நீர் அளவையாளர் எம்பாரெக் அண்ணன் அவர்களே! பள்ளிவாசல் நிழலில் பெருமையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் தேநீர்க் குவளையோடும் தீராத பேச்சோடும் திரண்டிருக்கும் தாய்மார்களே! பாலைவனத்து எண்ணெய்க் கிணற்று முகாம்களிலிருந்து பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்த பிள்ளைகளே! மூன்றாம் வரிசையில், என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மகன் ஸாலிமே! உங்கள் அனைவருக்கும் மப்ரூகாவின் ஸலாம்!

என்ன ஹாஜி, முகம் சுருங்குகிறது? மன்னிக்கவில்லை என்றுதானே சொன்னேன், மதிக்கவில்லை என்று சொல்லவில்லையே!

என்னை எதற்கு இந்த மேடையில் ஏற்றினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதோ மேசையில் தாள் இருக்கிறது. பக்கத்தில் மைப்பெட்டி திறந்தே இருக்கிறது. நம் ஃபொக்காரா, பூமிக்கடியில் இருட்டிலேயே நடந்து வந்து நம் பேரீச்சை வேரில் வெளிச்சம் பார்க்கும் அந்தச் சுரங்கக் கால்வாய், அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் யார் கிணறு தோண்டினாலும் பங்குக்காரர் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். இப்போது எல்லைக்குள் ஆழ்துளைக் கிணறு போட்டு, சுழலும் குழாயால் நீர் பாய்ச்சி வட்ட வட்டமாக வயல் வைத்து, முலாம்பழம் விளைத்துக் கப்பலேற்றப் போகிறார்கள். கால்வாய் வற்றினாலும் கேட்கமாட்டோம் என்பதுதான் அந்தத் தாள். இருபத்தேழு வீட்டில் இருபத்தாறு வீடு கைநாட்டு வைத்தாயிற்று. மிச்சம் என் வீடு. என் பங்கு ஒரு விரல் தண்ணீர். தண்ணீரைப் பங்கு பிரிக்கும் சீப்புக் கல்லின் கடைசி இடுக்கில் ஒரு விரல் கனத்துக்கு ஓடுகிறதே, அதுதான்.

அந்த ஒரு விரலுக்காகத்தான் இத்தனை நாற்காலி, இத்தனை ஒலிபெருக்கி!

தம்பி பொறியாளர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பொருளாதாரப் பல்வகைப்படுத்தல் என்றார். எண்ணெயை மட்டும் நம்பக் கூடாது என்றார். நாடு பல காலில் நிற்க வேண்டும் என்றார். கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். ஆனால் தட்டும்போதே எனக்கு ஒரு குழப்பம். இதே வார்த்தையை இதே முற்றத்தில் இதற்கு முன்னால் நான் கேட்டிருக்கிறேனே!

நான் மணமாகி வந்தபோது இந்த ஊரில் என்ன இல்லை? பேரீச்சை நிழலில் கோதுமை இல்லையா? கோதுமைக்கு நடுவே அவரை இல்லையா? வரப்பில் மருதாணி இல்லையா? வாற்கோதுமை, வெங்காயம், கேரட், புகையிலை இல்லையா? அப்போது ஓர் அதிகாரி வந்தார். "இதெல்லாம் என்னத்துக்கு? நாட்டுல எண்ணெய் பொங்குது, ஆம்பளைங்களை அனுப்புங்க" என்றார். அனுப்பினோம். என் கணவர் பர்க்கா எண்ணெய் வயலுக்குப் போனார். மண்வெட்டி பிடித்த கை குழாய் பிடித்தது. கால்வாய்க்குள் இறங்கி மணல் அள்ள ஆளில்லாமல், நான்கு விரலாக ஓடிய என் வீட்டுத் தண்ணீர் ஒரு விரலாயிற்று.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து இன்னொரு அதிகாரி வந்தார். "எண்ணெயை மட்டும் நம்பாதீங்க, புதுசு புதுசாப் பயிர் வைங்க, தக்காளி வைங்க, டப்பாத் தொழிற்சாலை கட்டியாச்சு" என்றார். அன்று கூட்டுறவுத் தலைவர் யார்? சொல்லுங்களேன்! ஆமாம், அவர்தான். இதோ என் வலப்பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறவர்தான்!

நமக்கோ துவீஸா என்ற பழக்கம். இன்று என் வயலில் ஊரே, நாளை உன் வயலில் ஊரே. ஒருவருக்கு ஒருவர் கை கொடுத்தால்தான் நமக்குத் தூக்கம் வரும். நல்ல பழக்கம்தான். ஆனால் என்ன செய்தோம்? ஊரே ஒன்றாக இறங்கி, அவரையைப் பிடுங்கி, மருதாணியைப் பிடுங்கி, ஒன்பதே நாளில் ஊர் முழுக்க ஒரே நாற்றை நட்டோம். பலவகைப் பயிர் வை என்றார்கள். பலவகையாக இருந்த ஊரை ஒரே வகையாக்கினோம்! ஒன்பது நாளுக்குள் நட்டதெல்லாம் ஒன்பது நாளுக்குள் ஒன்றாகத்தானே பழுக்கும்? பழுத்தது. ஊரே சிவந்தது. மாடியில் தக்காளி, மாட்டுத் தொட்டியில் தக்காளி, என் மாமியார் படுத்த கட்டிலுக்கடியிலும் தக்காளி.

கழுதை மேல் ஏற்றிக்கொண்டு நாங்கள் பெண்கள் தொழிற்சாலை வாசலுக்குப் போனோம். கணக்கப்பிள்ளை கையை விரித்தான்.

"டப்பாவுக்கு மூடி இல்லம்மா."

"மூடி எங்கப்பா?"

"கப்பல்ல வரணும்."

"கப்பல் எங்க?"

"மூடி வாங்க நாட்டுகிட்ட பணம் இல்லையாம். எண்ணெய் விலை விழுந்துருச்சாம்."

அப்போது என் பக்கத்தில் நின்ற ஸூலீகா, அதோ பின்னால் முக்காட்டை வாயில் கவ்விச் சிரிக்கிறாளே அவளேதான், கேட்டாள்: "எண்ணெய் விழுந்தா எண்ணெய்தானடா கொட்டணும்? எங்க தக்காளி ஏண்டா கொட்டுது?"

அன்றைக்குக் கணக்கப்பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கு யாருக்காவது தெரியுமா? எண்ணெயை நம்பாமல் இருக்கத்தானே தக்காளி வைத்தோம்? அந்தத் தக்காளியின் தலையில் எண்ணெய் எப்படி மூடியாக வந்து உட்கார்ந்தது? அன்று முதல் யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது.

சரி, அழுகியது அழுகிவிட்டது. நாற்றம் போக நான்கு மாதம் ஆனது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த வாசலில், நம் தலைவர் என்ன சொன்னார்? "பொம்பளைங்க நேரத்துக்குப் பறிக்கல, அதான் அழுகிருச்சு" என்றார். விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய் நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார். ஹாஜி, நீங்கள் இருமுறை மக்காவுக்குப் போனீர்கள். இருமுறையும் புறப்படும்போது வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டீர்கள். இருமுறையும் நான் கதவைத் திறக்கவில்லை. இன்றும் திறக்கவில்லை.

என்னங்க ஹாஜி? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"மேலிடத்துல சொன்னதத்தான் நானும் சொன்னேன் மப்ரூகா. எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

கேட்டீர்களா? தெரியாதாம்! தெரியாது என்று அன்றே சொல்லியிருந்தால் நான் உங்கள் வீட்டுக்கு ரொட்டி சுட்டு அனுப்பியிருப்பேனே!

அதன் பிறகும் நின்றதா? எண்ணெய் ஏறியது, வயலை விட்டுவிட்டுப் பிள்ளைகள் போனார்கள். எண்ணெய் இறங்கியது; வயலுக்கு வா என்றார்கள். ஏறினால் போ, இறங்கினால் வா. போனவன் எங்கே நிற்கிறான், வந்தவன் எங்கே நிற்கிறான்? என் மகன் ஸாலிம் எண்ணெய் முகாமில் குழாய்ப் பற்றவைப்பு வேலை பார்த்தவன். ஆளைக் குறைத்தார்கள், அவனைக் குறைத்தார்கள். அவன் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெஷார் ஊரில் இருக்கும் தன் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். வட்ட வயலில் குழாய் பழுது பார்க்க அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாளில் எல்லாக் கைநாட்டும் விழுந்தால்தான் அந்த வேலை.

காலையில் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டான்:

"அம்மா, அந்த ஒரு விரல் தண்ணிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? பார்த்துக்கிட்டே இருக்கவா?"

"குடிக்கிறோமேடா."

"குழாய்த் தண்ணி வரும்மா. என் பிள்ளைங்க வரணும்னா எனக்கு வேலை வேணும். உனக்கு நான் வேணுமா, தண்ணி வேணுமா?"

தாய்மார்களே, இந்தக் கேள்விக்கு எந்தத் தாய் பதில் சொல்வாள்? நான் ரொட்டியைச் சுட்டுக்கொண்டே இருந்தேன். கருகியது.

பொறியாளர் தம்பி, நீ என் மகன் வயது. உன்னிடம் எனக்குப் பகையே இல்லை. ஒன்று கேட்கிறேன், சொல். அந்த வட்ட வயலின் குழாய் எங்கிருந்து வருகிறது?

"வெளிநாட்டுலருந்துதான்மா."

விதை?

"அதுவும்தான்."

மோட்டார் ஓட்ட?

"மின்சாரம். மின்சாரத்துக்கு எரிவாயு. நம்ம எரிவாயுதாம்மா!"

எண்ணெய் விலை மறுபடி விழுந்தால், முலாம்பழமும் விழுமா?

அமைதியாக இருங்கள், அவரைப் பேச விடுங்கள். சிரிக்காதீர்கள்!

"அம்மா... நாங்க கணக்குப் போட்டிருக்கோம். ஆனா அப்படி விழுந்தா... எனக்கும் உறுதியாத் தெரியல."

நல்ல பிள்ளை! ஹாஜி, பாருங்கள், தெரியாது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டான்!

எம்பாரெக் அண்ணா, கிணறு போட்டால் கால்வாய் வற்றுமா?

"மூணு ஊர்ல வத்துச்சு. ஒரு ஊர்ல வத்தல."

யார் அது, எல்லைக்கு வெளியே தோண்டச் சொல் என்று கத்துவது? கேட்டேன் அப்பா, நேற்றே கேட்டேன். அங்கே மின்கம்பம் இல்லையாம். கம்பம் நட வருடங்கள் ஆகுமாம்.

ஆக, எனக்குத் தெரியாது. தலைவருக்குத் தெரியாது. பொறியாளருக்குத் தெரியாது. அளவையாளருக்குப் பாதிதான் தெரியும். இத்தனை பேர் தெரியாமல் கூடியிருக்கிற இடத்தில் என் பெருவிரலுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்றைப் பார்த்திருக்கிறேன் பெரியோர்களே! எண்ணெய் ஏறியபோது நம் கால்வாய் கூடுதலாக ஓடியதில்லை. எண்ணெய் இறங்கியபோது குறைந்து ஓடியதில்லை. நாம் மணல் அள்ளாதபோது குறைந்தது; அள்ளியபோது நிமிர்ந்தது. அதற்குக் கப்பல் வேண்டாம், மூடி வேண்டாம், மோட்டார் வேண்டாம்! நாட்டை எண்ணெயிலிருந்து மீட்க வந்தவர்களே, எண்ணெய் தொடாத ஒன்றே ஒன்று இந்த ஊரில் இருக்கிறது, அதையா முதலில் கேட்பது? தக்காளி அழுகினால் மறுவருடம் நடலாம். குழாய் உடைந்தால் மறுகுழாய் வாங்கலாம். பூமிக்கடியில் செத்த தண்ணீரை எந்த விலை ஏறி எழுப்பும்? எந்த அமைச்சர் எழுப்புவார்? எந்தத் தாள் எழுப்பும்?

நான் கைநாட்டு வைக்கவில்லை.

கை தட்டாதீர்கள். தட்டாதீர்கள் என்கிறேன்! இருபத்தாறு வீட்டார் பசித்துத்தானே வைத்தீர்கள்? உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் செய்வது சரி என்றும் நான் சொல்லவில்லை. சரியா தவறா என்று என் நெஞ்சு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் இழுக்கிறது. முலாம்பழம் நன்றாக விளைந்து ஊர் செழித்திருக்குமோ என்று சாகும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அதோ, மூன்றாம் வரிசையில் எழுந்துவிட்டான். ஸாலிம்! உட்காரடா, உன் அம்மா இன்னும் முடிக்கவில்லை. ஸாலிம்!

போகட்டும், வழிவிடுங்கள். யாரும் பிடிக்காதீர்கள்.

தலைமையேற்ற ஹாஜி அவர்களுக்கு நன்றி. உண்மை பேசிய பொறியாளர் தம்பிக்கு இரண்டு நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், சிரித்தும் அழுதும் கூட வந்த தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஸூலீகா, உனக்குத் தூரப்பார்வை நன்றாக இருக்கிறது, எழுந்து நின்று பார்த்துச் சொல்: அவன் வீட்டுப் பக்கம் திரும்புகிறானா, பேருந்து நிற்கும் பக்கம் போகிறானா? மெதுவாகச் சொல்லாதே, எல்லோர் முன்னாலும் சொல். நான் இங்கேயே நிற்கிறேன். உங்கள் எல்லோர் மேலும், அவன் போகிற வழி மேலும் சாந்தி உண்டாகட்டும்.