கதவு திறக்கும் பக்கம்

உங்கள் ஸ்டேஷன் காப்பி நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. என் வீட்டில் இதைவிடத் தண்ணியாகப் போடுவேன். எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

எங்கள் நார்வே மலையில் குடில் கட்டுவதற்கு முன்னால் ஒரு பனிக்காலம் முழுக்கக் குச்சி நட்டுப் பார்ப்போம். காற்று பனியை எங்கே வாரிக்கொண்டு போகிறது, எங்கே கொட்டுகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற மேட்டில் நான் மூன்று பனிக்காலம் நட்டேன். வயதான பிறகு எனக்கென்று ஒரு குடில் கட்டி அங்கேயே இருந்துவிட ஆசை. அதை ஒருவனிடம்தான் சொன்னேன். ஐவின், பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி, செருப்புக்கடைக்காரன்.

அவன் எனக்குத் தெரியாமல் அந்த மேட்டைத் தன் பேருக்கு வாங்கினான். அதோடு விட்டானா? தச்சனான என்னையே அங்கே குடில் கட்டச் சொன்னான்.

"மூஞ்சிய ஏன்டா தூக்கி வச்சிருக்க, தோர்கில்? யார் பேர்ல இருந்தா என்ன, கட்டப்போறது நீதானே?"

சரி என்றேன். ஆத்திரத்தில் செய்தான் என்று எழுதிவிடாதீர்கள். கோடை முழுக்க நிதானமாகத்தான் செய்தேன்.

காற்று துடைத்துக்கொண்டு போகிற பக்கம் கதவு வைப்பதுதான் வழக்கம். நான் பனி குவிகிற பக்கம் வைத்தேன். கதவு உள்ளே திறக்க வேண்டும், அப்போதுதான் பனி மூடினாலும் தோண்டிக்கொண்டு வெளியே வரலாம். நான் வெளியே திறக்கும்படி மாட்டினேன். ஜன்னல்கள் தலை நுழையாத அளவு. மண்வெட்டி மாட்டும் ஆணியைக் கதவுக்கு உள்ளே அடிக்காமல் வெளிச்சுவரில் அடித்தேன். விறகையும் வெளியே அடுக்கினேன்.

"கதவு உள்ள தானேடா திறக்கணும்? எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு."

"உள்ள திறந்தா அடுப்புல இடிக்கும். உனக்கு அடுப்பு வேணுமா, உங்கப்பா வேணுமா?"

விழுந்து விழுந்து சிரித்தான். "நீ சொன்னா சரிதான்பா."

அடுத்த ஈஸ்டருக்கு, மலையில் பனி இன்னும் கரையாதபோது, ஆரஞ்சுப் பழமும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டு தனியாகப் போனான். மறுநாள் எழுந்த காற்று மூன்று நாள் ஓயவில்லை. ஓய்ந்ததும் நான் ஏறிப் போனேன். கூரை இருந்த இடம் தெரியவில்லை. புகைக்குழாய் மட்டும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வழியாகக் கூப்பிட்டேன்.

"தோர்கிலா? நீ வருவேன்னு எனக்குத் தெரியும்டா. விறகு தீந்துபோச்சு. கை விறைச்சுப் போச்சு. சீக்கிரம் தோண்டு."

பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். மேட்டைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். குளிரைப் பற்றியே பேசினான். மதியத்துக்கு மேல் பேச்சு நின்றது. இறங்கி வந்துவிட்டேன்.

துரோகம் செய்தவன் அவன், ஐயா. அப்படியிருந்தும், "மன்னிச்சுக்கோடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தோண்டி எடுத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

மண்வெட்டியா? இல்லை, அன்றைக்கு நான் மண்வெட்டி கொண்டுபோகவில்லை.